சத்தம் வராத இடம்

கண் ஆஸ்பத்திரியிலிருந்து நானும் அம்மாவும் கூலாய் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜொகூர் பாரு நெரிசலைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் தொடங்கும் வரை அம்மா வாயே திறக்கவில்லை.

டாக்டரம்மா பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணில் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. நேர் எதிரே ஒரு வட்டம் மட்டும் மிச்சம், அதுவும் சுருங்கிக்கொண்டு வருகிறது. போனது திரும்பாது, மருந்து விட்டால் இருப்பதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம். எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, பார்க்க ஆசைப்படுவதை எல்லாம் இப்போதே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நல்ல மனுஷிதான். ஆனாலும் அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன்.

செனாய் தாண்டும்போது அம்மா கேட்டார்.

“ஏன்டி புள்ள, நம்ம படத்துல ஒரு எடம் வருமே. யாரும் பேச மாட்டாங்க, வெறும் மியூசிக் மட்டும் ஓடும். அப்புறம் நீங்கள்லாம் விழுந்து விழுந்து சிரிப்பீங்க. அங்க என்னதான் நடக்குது?”

எனக்கு முதலில் புரியவே இல்லை. “என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? எத்தனை தடவ பாத்த படம்!”

“நான் எங்க பாத்தேன்? அடுப்புல எண்ணெ இருக்குறப்ப?”

‘நம்ம படம்’ என்றால் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். பழைய கறுப்பு வெள்ளை மாயாஜாலப் படம். ஓர் அரசனுக்கு மூன்று பிள்ளைகள், பெரியவன், நடுவில் ஒரு பெண், கடைக்குட்டிப் பையன். ஒரு மந்திரவாதி நாட்டைப் பிடித்துக்கொண்டு இவர்களைத் துரத்துகிறான். அவன் இடியைப் பிடித்துப் பானைக்குள் அடைத்து வைத்திருப்பவன். பிள்ளைகள் பறக்கும் ஓடம் ஒன்றில் ஏறித் தப்பிக்கிறார்கள். ஓடத்தைக் கட்டித் தூக்கியிருக்கும் கயிறு பளிச்சென்று தெரியும். மேகம் எல்லாம் பஞ்சு. சில இடத்தில் பஞ்சு பிய்ந்து ஓடத்தின் மூக்கில் ஒட்டிக்கொண்டே வரும். எங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஓடம் பறந்தது, அவ்வளவுதான்.

அப்பா அதை டிவியில் ஓடியபோது வீடியோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் படையல் முடிந்ததும் அலமாரியைத் திறந்து, தன் பட்டு வேட்டிக்கு அடியிலிருந்து அந்தக் கேசட்டை எடுப்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். ஏன் அந்த நாள் என்றால், அம்மா அடுப்பில் பெரிய வாணலியை ஏற்றும் நாள் அது. அண்ணன், நான், தங்கை, மூன்று பேரும் எண்ணெய்ப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். எங்களைக் கட்டிப்போட அப்பாவுக்குக் கிடைத்த கயிறு அந்தப் படம். நாங்கள் பெரியவர்களாகி, எண்ணெய்ப் பக்கம் போனாலும் ஒன்றும் ஆகாது என்ற வயது வந்த பிறகும் யாரும் போகவில்லை. படம் பழகிவிட்டது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அதை நாங்கள் அம்மாவின் படம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். மந்திரவாதி வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் வசனம் அடுப்படியிலிருந்து வந்துவிடும். அந்த இளவரசி அழுதால் அம்மாவும் அவளோடு சேர்ந்து அதே ஏற்ற இறக்கத்தில் “அண்ணா, எனக்கு வீட்டுக்குப் போகணும்” என்பார். இப்படி ஒரு வரி விடாமல் சொல்லுகிறவர் படத்தைப் பார்த்ததே இல்லை என்று யாருக்காவது தோன்றுமா? “அம்மா படத்தைப் போடுங்கப்பா” என்றுதான் நாங்கள் கேட்போம். அப்பா போன பிறகும் அப்படித்தான். போன வருஷம் அண்ணன் கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய டிவியை வாங்கி மாட்டினான். எதற்கு? “அம்மா அவங்க படத்தப் பெருசா பாக்கட்டும் லா.” அந்த டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போன தீபாவளிக்கும் அம்மா முறுக்கு சுட்டார்.

வண்டியில் அம்மா சொல்லச் சொல்ல எனக்கு ஸ்டியரிங்கே வழுக்கியது.

“மந்திரவாதி மொத தடவ சிரிப்பான்ல, அப்ப எண்ணெ காஞ்சிருக்கணும். ஓடம் பாட்டு வந்துச்சுன்னா ரெண்டாவது மாவு பெசையணும். அந்தப் பொண்ணு அழுவுறப்ப ஓமப்பொடி. சத்தம் நின்னு வெறும் மியூசிக் வந்தா, சுட்டத எல்லாம் தட்டுல எடுத்து வைக்கணும். நீங்க சிரிக்கிற சத்தம் கேட்டா தட்டத் தூக்கிட்டு வெளிய வரணும். வந்து பாத்தா அந்தப் புள்ளைங்க மூணும் படுத்துத் தூங்குதுங்க. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அடுப்படியில் கடிகாரம் கிடையாது. எங்கள் படம்தான் அம்மாவுக்குக் கடிகாரம். எங்கள் சிரிப்புதான் மணியடிப்பு.

“யாரையாச்சும் கேட்டிருக்கலாமேம்மா?”

“கேட்டேனே ஒரு வருஷம். ‘வந்து பாரேன்’னாரு உங்கப்பா. நான் வந்தா முறுக்கு கருகிரும்.”

“அங்க என்ன வரும்னா...” என்று நான் ஆரம்பித்தேன்.

“ஏய்! சொல்லாத. வாய மூடு. நானே பாத்துக்கிறேன்.”

கண்ணில் மிச்சம் இருக்கும் அந்த வட்டத்தை வைத்துக்கொண்டு அம்மா பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். கோயிலும் இல்லை, ஊரும் இல்லை. நாங்கள் சிரித்த இடம். சரி, தலைகீழாக நின்றாவது பார்க்க வைக்கிறேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். நான் ஃபேக்டரியில் லைன் லீடர். பிடித்தால் விடமாட்டேன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், சிலருக்கு அதனாலேயே என்னைப் பிடிக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஏற்பாடு செய்தேன். கேசட் போடும் பெட்டி எப்போதோ செத்துப்போனது. இப்போதெல்லாம் யாரோ இணையத்தில் ஏற்றி வைத்த படத்தைத்தான் நாங்கள் போடுகிறோம். அம்மாவுக்கு ஒரு நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, படம் அந்த வட்டத்துக்குள் விழும்படி பார்த்துக்கொண்டார். மந்திரவாதியைப் பார்த்ததும், “ச்சே, இவனா? கொரலக் கேட்டு நல்ல வாட்டசாட்டமா இருப்பான்னுல நெனச்சேன்” என்றார். ஓடத்தைப் பார்த்து ஒரே சிரிப்பு. பிள்ளைகள் காட்டில் இறங்கி, பசியில் சண்டை போட்டு, தூரத்தில் ஒரு பாழடைந்த மாளிகையைப் பார்த்தார்கள். கதவு தானாகத் திறந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

படம் ஒரு குதி குதித்தது. பிள்ளைகள் மூன்று பேரும் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா என்னைப் பார்த்தார். “எங்க அந்த எடம்?”

நான் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். இல்லை. வேறு இரண்டு மூன்று பேர் ஏற்றி வைத்திருந்ததையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே பிரதி. அந்தக் காட்சியில் வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. இது எதற்கு என்று எவனோ கத்தரித்து எறிந்திருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால்! அம்மாவுக்கு மட்டும் கோபம் வரவில்லை. ஏதோ கணக்கு இப்போதுதான் சரியாக வந்ததுபோலத் தலையை ஆட்டினார்.

“அதானே பாத்தேன். கொஞ்ச வருஷமா யாருமே சிரிக்கிறதில்லையேன்னு. உங்களுக்கெல்லாம் வயசாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். தட்ட எப்பக் கொண்டாறதுன்னு தெரியாம அடுப்படியிலயே நின்னுக்கிட்டு இருப்பேன்.”

எங்களுக்குத் தெரியவே இல்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இடம் காணாமல் போனதைக் கண்டுபிடித்தது, படத்தைப் பார்க்காத ஒரே ஆள்.

அன்று சாயங்காலமே அப்பாவின் அலமாரியைக் குடைந்தேன். பட்டு வேட்டி இருந்தது. அடியில் கேசட்டும் இருந்தது. ஆனால் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை, மாவு தூவியதுபோல. நம் ஊர் ஈரத்துக்கு இதுவரை இருந்ததே பெரிது. ஜொகூர் பாருவில் பழைய கேசட்டை மாற்றிக் கொடுக்கும் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் அடித்தேன். பாதிக் கடை மூடிவிட்டார்கள். ஒருவன் பூஞ்சை என்றதும் போனை வைத்துவிட்டான். கடைசியில் ஒரு சீனப் பெரியவர் கொண்டு வரச் சொன்னார். கேசட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்படியே ஓட்டினால் அறுந்துவிடும், கையால் துடைக்க வேண்டும், உறுதி எதுவும் தர முடியாது என்று மலாயில் சொன்னார். உறுதி வேண்டாம், நடுவில் ஒரு காட்சி மட்டும் வேண்டும் என்றேன். எந்தக் காட்சி என்றார். பேச்சில்லாத காட்சி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவரை நான் நிம்மதியாக விடவில்லை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் முதல் போன் அவருக்குத்தான். பாவம், என் நம்பரைப் பார்த்தாலே “பெலும், பெலும்” என்றுதான் எடுப்பார், இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று. இங்கே வீட்டில் அம்மா தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றத் தொடங்கியிருந்தார். வாசலில் கிடந்த செருப்பில் தடுக்கினார். பக்கத்து வீட்டு அக்கா பக்கவாட்டில் வந்து பேசினால் திடுக்கிட்டார். நான் வேலையில் இருந்தாலும் போன் போட்டு, மருந்து விட்டாச்சா, எத்தனை சொட்டு, கண்ணை மூடிக்கொண்டீர்களா என்று உயிரை வாங்கினேன். “நீ டாக்டரா, நான் டாக்டரா, போடி” என்பார். டாக்டர் இரண்டு பேருமே இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு நாள் பெரியவரே கூப்பிட்டார். தொடக்கம் கசங்கிப்போய்விட்டது, கடைசிப் பகுதி தேறவில்லை, நடுப்பகுதி வந்திருக்கிறது. அன்றே லீவு சொல்லிவிட்டு ஓடினேன். கடையிலேயே நின்றுகொண்டு பார்த்தேன். மழை பெய்வதுபோலக் கோடு கோடாக ஓடியது. கதவு தானாகத் திறந்தது. பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள். அந்த இடம் முழுதாக இருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெரியவரும் எட்டிப் பார்த்து, வசனம் தேவைப்படாமல், என்னோடு சேர்ந்து சிரித்தார்.

பென் டிரைவைக் கொண்டுவந்து அம்மா கையில் வைத்து, “இப்பவே பாக்கலாமா?” என்றேன்.

அம்மா யோசித்தார். “தனியா பாத்தா எப்படி? நீங்கள்லாம் சிரிக்கணும்ல. அப்பதான அது அந்த எடம்.”

அண்ணன் குடும்பத்தோடு ஜொகூர் பாருவில் இருக்கிறான், வேலை சிங்கப்பூரில். விடியும் முன்னே எல்லைப் பாலத்தைக் கடந்து, இருட்டிய பிறகு திரும்புகிறவன். தங்கை கல்யாணமாகி சிகாமட்டில் இருக்கிறாள். எல்லோரும் சேருவது தீபாவளிக்கு முதல் நாள்தான். அதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதுவரை அந்த வட்டம் தாங்குமா என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய சிக்கல், அன்றைக்குத்தான் அம்மா அடுப்பை விட்டு அசைய மாட்டார். கடையில் முறுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றதற்கே முகம் மாறியது. “வீட்டுல எண்ணெ காயாம என்னா தீபாவளி?”

சரி, எண்ணெய் காயட்டும். கரண்டி வேறு ஆள் கையில் இருக்கட்டும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். “அண்ணே, இந்த வருஷம் முறுக்கு நீதான் சுடுற.”

“அலமாக்! உனக்கு என்ன பைத்தியமா? எனக்கு முட்டையே பொரிக்கத் தெரியாது.”

“தங்கச்சி மாவு பெசஞ்சு புழிஞ்சு குடுப்பா. நீ திருப்பிப் போட்டு எடுத்தாப் போதும்.”

“அப்ப நீ என்ன பண்ணுவ?”

“நான் அம்மா எந்திரிக்காமப் பாத்துக்குவேன். அதுதான் இருக்குறதுலயே கஷ்டமான வேல.”

அவன் மழுப்பினான். அம்மாவுக்கு வேண்டுமென்றால் வேறு ஒரு நாள் போட்டுக் காட்டலாம், வர்றவங்களுக்குக் கருகின முறுக்கா குடுக்கிறது, கடையில் நல்லதாகவே கிடைக்கிறது என்று அடுக்கினான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. டாக்டர் சொன்னது, வண்டியில் அம்மா கேட்டது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன்.

“அம்மா அந்தப் படத்தப் பாத்ததே இல்லையா?”

“ஒரு தீபாவளிக்குக்கூட இல்ல.”

“அப்ப நான் வாங்கின டிவி?”

“அதயும்தான்.”

“நான் வர்றேன் லா,” என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் படையல் முடிந்தது. அடுப்படியில் அண்ணன் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவன்போல நின்றான். தங்கை அச்சைக் கழுவினாள். கூடத்தில் அண்ணன் பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். போனை எல்லாம் பிடுங்கி அரிசி டப்பாவின் மேல் வைத்தேன். ஒருத்தி முறைத்தாள். நானும் திருப்பி முறைத்தேன்.

அம்மாவை நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. உப்பு போட்டாளா பார்த்துவிட்டு வருகிறேன், எள்ளு எங்கே வைத்தேன் என்று அவனுக்குத் தெரியாது, இப்படி ஆயிரம் சாக்கு. “ஒக்காருங்க,” என்றேன். ஃபேக்டரிக் குரல். அம்மா உட்கார்ந்தார்.

தொடக்கமும் முடிவும் இணையத்துப் பிரதியிலிருந்து, நடு மட்டும் கேசட்டிலிருந்து. இதை ஒட்டவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. முதலில் பிள்ளைகளுக்குக் கிண்டல்தான். “அத்த, கயிறு தெரியுது!” “அது மேகமா, தலகாணியா?” கம்ப்யூட்டரில் செய்த பெரிய பெரிய படங்களைப் பார்த்து வளர்ந்த கண்கள், சும்மா இருக்குமா? ஆனால் ஓடத்தின் முன்பக்கத்தில் யார் உட்காருவது என்று அந்த மூன்று பேரும் சண்டை போட ஆரம்பித்ததும் இங்கே கிண்டல் நின்றது. எங்கள் வண்டியில் முன் சீட்டுக்கு நடப்பதும் அதே சண்டைதானே. இத்தனை வருஷம் இந்தப் படம் எங்களை விடாததற்குக் காரணம் மாயமந்திரம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பசிக்கிறது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறார்கள். கயிறு தெரிந்தாலும் அந்தப் பசி பொய்யாகத் தெரியவில்லை.

அம்மா வசனத்தை முன்கூட்டியே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கூடவே அடுப்படிக்கும் ஆணை பறந்தது. “மந்திரவாதி சிரிச்சிட்டான், எண்ணெ காஞ்சிருச்சா?” “காஞ்சிருச்சும்மா!” “ஓடம் பாட்டு வந்துருச்சு, மாவு!” “பெசஞ்சாச்சும்மா!” நடுவில் ஒரு கருகல் வாசம் வந்தது. அம்மாவின் மூக்கு விடைத்தது. நான் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

காடு வந்தது. திரையில் மழைக்கோடு விழத் தொடங்கியது. நான் அடுப்படிப் பக்கம் திரும்பி, “அந்த எடம் வருது, வாங்க!” என்று கத்தினேன். தங்கை மாவுக் கையோடு ஓடி வந்தாள். “எண்ணெயில போட்டுட்டேன், எப்படி வர்றது?” என்று அண்ணன் குரல் மட்டும் வந்தது.

மாளிகைக் கதவு தானாகத் திறந்தது. பேச்சு நின்றது. இசை மட்டும்.

அம்மா எழுந்துவிட்டார்.

“எங்கம்மா?”

“தட்டு. தட்டுல எடுத்து வைக்கணும்ல. இப்ப சிரிப்பீங்களே.” அவர் கண் டிவியில் இல்லை. கால் அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டது. நான் குறுக்கே போய் நின்று, இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்தேன். “தட்டு வரும். நீங்க பாருங்க. இங்க, நேரா பாருங்க.”

அம்மா பார்த்தார்.

அந்த மாளிகையில் ஒரு பூதம் இருக்கிறது. அது யார் கண்ணுக்கும் தெரியாது, அதற்குப் பேச்சும் கிடையாது, அப்படி ஒரு சாபம். பிள்ளைகள் மிரண்டுபோய் உட்காருகிறார்கள். எங்கிருந்தோ மூன்று தட்டு மிதந்து வந்து அவர்கள் முன்னால் இறங்குகிறது. அடுப்பு தானாக எரிகிறது. கரண்டி தானாகக் கிண்டுகிறது, தானாக அள்ளுகிறது, காற்றில் ஆடிக்கொண்டே வந்து பரிமாறுகிறது. விசிறி தானாக வீசுகிறது. கடைக்குட்டிப் பையன் யாரும் பார்க்காதபோது அக்கா தட்டிலிருந்து ஒரு லட்டை எடுக்கக் கையை நீட்டுகிறான். கரண்டி பறந்து வந்து அவன் மண்டையில் ‘டங்’கென்று ஒன்று வைக்கிறது. அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மறுபடியும் நீட்டுகிறான். மறுபடியும் ஒன்று.

பாயில் இருந்த பிள்ளைகள் உருண்டார்கள். தங்கை மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும்தான். அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறும் இடம் அது. அம்மாவும் சிரித்தார், வாய் விட்டு, கண்ணில் தண்ணீர் வர. “அட பாவிங்களா, இதுக்கா!” என்று என் தொடையில் அடித்தார்.

பிறகு பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கிறார்கள். தட்டுகள் தானாக எழுந்து போய்க் கழுவிக்கொள்கின்றன. பாய் தானாக விரிகிறது. போர்வை வந்து மூடுகிறது. விளக்கு அணைகிறது. மூன்று பேரும் தூங்குகிறார்கள். இந்த இடத்தில்தான் அம்மா எப்போதும் தட்டோடு கூடத்துக்கு வருவார். நாங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவோம்.

அம்மாவின் சிரிப்பு மெல்ல நின்றது.

“அது சாப்பிட்டுச்சா?” என்றார்.

“எதும்மா?”

“அந்தப் பூதம். எல்லாருக்கும் போட்டுச்சே. அது எப்ப சாப்பிட்டுச்சு?”

எனக்கு அந்தப் படம் தலைகீழாகப் பாடம். அப்படி ஒரு காட்சி அதில் இல்லை. நாங்கள் யாரும் ஒரு வருஷம்கூட அதைக் கேட்டதில்லை. தங்கையைப் பார்த்தேன். அவள் கையில் காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிடலம்மா,” என்றேன்.

அப்போதுதான் அம்மாவின் முகத்துக்கு நேரே ஒரு தட்டு வந்து நின்றது. முறுக்கு, பாதி பொன்னிறம், பாதி கறுப்பு. சிரிப்புச் சத்தம் கேட்டு அண்ணன் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அவன் நின்றது இடது பக்கம். அம்மாவுக்கு அந்தப் பக்கமே கிடையாது. தட்டு மட்டும்தான் தெரிந்திருக்கும். திடுக்கிட்டவர் கையை நீட்டித் துழாவி, தட்டைப் பிடித்திருந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதில் எண்ணெய் தெறித்துக் கொப்பளம் போட்டிருந்தது. அதை விரலால் தடவினார்.

“யாரு, நீயா?”

“நான்தாம்மா. சிரிச்சீங்களே, அதான் கொண்டாந்தேன். முடிஞ்சிருச்சா அந்த எடம்?”

“முடிஞ்சிருச்சு. நீ பாக்கலையா?”

“எங்கம்மா பாக்குறது? அடுப்புல எண்ணெ.”

அம்மா அவன் கையை விடவில்லை. “சாப்பிட்டியா?”

“இன்னும் இல்ல. மாவு இன்னும் பாதி கெடக்கு.”

“கெடக்கட்டும். போய் அடுப்ப அணைச்சிட்டு வா.”

அண்ணன் நம்பாமல் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அம்மாவின் காலடியில் பாயில் உட்கார்ந்தான். அம்மா கருகாத முறுக்காகப் பார்த்து ஒன்றை எடுத்து உடைத்தார். முதல் துண்டு அவன் வாய்க்குப் போனது.

“அந்த எடத்த மறுபடியும் போடு,” என்றார் என்னிடம். “இவன் பாக்கல.”

நான் பின்னால் ஓட்டினேன். தங்கை பிள்ளை ஒன்று தண்ணீர் வேண்டும் என்று சிணுங்கியது. தங்கை எழப் போனாள்.

“ஒக்காரு,” என்றார் அம்மா. “இது முடியிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது.”